குழந்தை உளச்சிகிச்சை பயன் தருகிறதா? ஒரு நூற்றாண்டு விவாதத்தின் நிலவரம்

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தரப்படும் உளச்சிகிச்சை பயன் தருகிறதா என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. 1920களில் ஒரு பதில், 1950களில் அதற்கு நேர் எதிரான பதில், 1980களில் மீண்டும் நம்பிக்கை, பத்தே ஆண்டுகளில் அதன் மீது ஐயம் என்று விவாதம் திரும்பத் திரும்பத் திசை மாறியிருக்கிறது. ஆய்வுமுறைகள் மேம்பட்டதால் மட்டும் இந்தத் தடுமாற்றம் நேரவில்லை. இந்தக் கேள்விக்குள் விடை காணப்படாத இன்னொரு கேள்வி அடங்கியிருக்கிறது: ஒரு குழந்தையின் மனநிலை குறித்து யார் சொல்வதை ஆதாரமாகக் கொள்வது?

வயதுவந்தவர் தன் வேதனையைத் தானே உணர்ந்து மருத்துவரைத் தேடிப் போகிறார். குழந்தையை வேறொருவர் அழைத்து வருகிறார். புகாரைச் சொல்பவர் தாய் அல்லது ஆசிரியர். சிகிச்சை முடிந்தபின் குணமா இல்லையா என்று சொல்பவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே மதிப்பீட்டைப் பற்றிய விவாதத்தை விலக்கிவிட்டுச் சிகிச்சையின் பலனை மட்டும் எடைபோட முடிவதில்லை. இரண்டையும் தனித்தனித் துறைகளாகப் பாடநூல்கள் பிரித்து வைத்திருப்பது வசதிக்காகத்தான்.

சோதனைகள் பிறந்த விதம்

1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கிய உளவியல் கிளினிக்கே இவ்வகையில் உலகின் முதலாவது என்று கொள்ளப்படுகிறது. அங்கு முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டி எழுத வராத 14 வயதுச் சிறுவன். அழைத்து வந்தவர் ஓர் ஆசிரியை. பரிசோதனையில் அவனுக்குப் பார்வைக் கோளாறும் இருப்பது தெரிந்தது. மனக் குறை என்று கொண்டுவரப்படுவதில் உடற்குறை கலந்திருக்கலாம், எனவே சிகிச்சைக்கு முன் முழுமையான மதிப்பீடு தேவை என்ற நெறி அந்த முதல் நேர்விலேயே வேர்கொண்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டனர். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் தனிக் கல்வி யாருக்குத் தேவை என்று கண்டறிவதே அதன் நோக்கம். நுண்ணறிவு மாறாத ஒரு பிறவி அளவு என்ற கருத்தைப் பினே ஏற்கவில்லை. ஆனால் அமெரிக்காவுக்குச் சென்ற சோதனை வேறு கைகளில் சிக்கியது. ஹென்றி காடர்ட் அதை மொழிபெயர்த்துப் பரப்பினார். லூயிஸ் டெர்மன் 1916இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறியப் பிறந்த கருவி, மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாக மாறியது.

இந்தியாவுக்கு வந்த பினே சோதனை வி.வி. காமத் 1930களில் பம்பாய் மாகாணத்துக் குழந்தைகளைக் கொண்டு மராத்தியிலும் கன்னடத்திலும் தழுவி அமைத்தது. பினே–காமத் என்ற பெயரில் அதுவும், 1969இல் நாக்பூரில் மாலின் உருவாக்கிய இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவுகோலும் நாட்டின் பல மருத்துவமனைகளில் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. ஒரே சோதனையில் மக்களின் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் பல நாடுகளில் ஏறி வந்திருப்பதை ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் காட்டினார். இந்தியாவிலும் இப்போக்கு இருக்குமானால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய குழந்தைகளோடு ஒப்பிடப்படும் இன்றைய குழந்தைக்கு உண்மை நிலையைவிடக் கூடுதலான மதிப்பெண் விழும். அறிவுசார் குறைபாட்டுக்கு எல்லைக்கோடு 70 என்று வைத்திருக்கும் இடத்தில் இது வெறும் புள்ளியியல் நுணுக்கமாக நின்றுவிடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளுக்குள் சேர்த்திருப்பதால், மதிப்பெண் சில புள்ளிகள் மாறினாலும் சான்றிதழும் அதையொட்டிய சலுகைகளும் கைநழுவக்கூடும்.

படமும் மைக்கறையும்

பேசத் தயங்கும் குழந்தையின் மனதை மறைமுகமாக அறிய முடியும் என்ற நம்பிக்கை இன்னொரு வகைச் சோதனைகளுக்கு வழிவிட்டது. ரோர்ஷாக்கின் மைக்கறைச் சோதனை (1921) வயதுவந்தவர்களுக்காக உருவாகிப் பின்னர் குழந்தைகளிடமும் பயன்பட்டது. ஃபுளோரன்ஸ் குட்இனஃப் 1926இல் ‘ஓர் ஆளை வரை’ என்ற பணியை நுண்ணறிவை மதிப்பிடப் பயன்படுத்தினார். கேரன் மக்கோவர் 1949இல் அதே படத்தை ஆளுமையைப் படிக்கும் சாளரமாக மாற்றினார். பெரிய கண்கள் சந்தேக மனத்தைக் காட்டும், கை வரையாமல் விட்டால் இயலாமை உணர்வு என்ற பாணியில் விளக்கங்கள் பெருகின.

1967இல் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் செய்த சோதனை இந்த விளக்கங்களின் அடித்தளத்தை அசைத்தது. படங்களையும் நோய்க்குறிகளையும் தொடர்பில்லாமல் இணைத்துக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினர். உளவியல் பயிற்சி ஏதுமில்லாத அந்த மாணவர்கள், நிபுணர்கள் கண்டதாகச் சொல்லிவந்த அதே தொடர்புகளைத் தாங்களும் ‘கண்டனர்’. அனுபவத்தில் தெரிந்தது என்று நிபுணர்கள் சொன்னதில் பெரும்பகுதி பொதுப்புத்தியின் எதிரொலி என்று இதிலிருந்து கொள்ள இடமுண்டு. ஆளுமைக் கணிப்புக்கான படச் சோதனைகளுக்கு ஆதாரம் மிக மெலிந்தது என்பதே இன்று ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. கிளினிக்குகளில் அவை மறையவில்லை. குழந்தையோடு பேச்சைத் தொடங்கப் படம் வரையச் சொல்வது நல்ல உத்திதான். வரைந்த படத்தைச் சான்றாவணம்போல் அறிக்கையில் எழுதுவதுதான் பிழை.

விளையாட்டு எதைச் சொல்கிறது?

சிகிச்சையின் வரலாறு வியன்னாவில் குதிரைகளைக் கண்டு அஞ்சிய ஐந்து வயதுச் சிறுவனிடம் தொடங்குகிறது. சிக்மண்ட் ஃபிராய்ட் 1909இல் ‘குட்டி ஹான்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்ட நேர்வில் சிகிச்சை நடத்தியவர் சிறுவனின் தந்தை. சிகிச்சையின்போது ஃபிராய்ட் அவனை நேரில் பார்த்தது ஒரே முறை. தந்தை எழுதி அனுப்பிய குறிப்புகள்தான் மூலச் சான்று. அவற்றில் பல இடங்களில் விளக்கத்தைத் தந்தை முதலில் சொல்ல, குழந்தை பிறகு ஆமோதிக்கிறது. ஜோசப் வுல்பும் ஸ்டான்லி ராக்மனும் 1960இல் இதையே கடுமையாகச் சுட்டிக்காட்டினர். குதிரை ஒன்று விழுந்ததைச் சிறுவன் நேரில் கண்டு பயந்ததே போதுமான விளக்கம் என்பது அவர்கள் வாதம்.

குழந்தையை நேரடியாகச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளும் முறையை இரு பெண்கள் இரு திசைகளில் வளர்த்தனர். மெலனி கிளைன் குழந்தையின் விளையாட்டை, வயதுவந்தவர் தங்குதடையின்றிப் பேசும் பேச்சுக்கு நிகராக வைத்தார். அதன் உள்ளர்த்தத்தைச் சிறு குழந்தையிடமும் உடனுக்குடன் எடுத்துச் சொல்லலாம் என்றார். அன்னா ஃபிராய்ட் இதை ஏற்கவில்லை. குழந்தை இன்னும் பெற்றோரைச் சார்ந்தே வாழ்கிறது. எனவே பெற்றோர் மீதான உணர்வுகள் சிகிச்சையாளர் மீது முழுதாக இடம்பெயர முடியாது. முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பெற வேண்டும், பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலை. 1927இல் அச்சில் வெடித்த இந்தப் பூசல், ஃபிராய்ட் குடும்பம் 1938இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபின் முற்றியது. பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் போர்க்காலத்தில் அதற்கென்றே தொடர் விவாதக் கூட்டங்களை நடத்தியும் கருத்தொற்றுமை கிட்டவில்லை. தனித்தனிப் பயிற்சிப் பிரிவுகளே மிஞ்சின.

கார்ல் ரோஜர்ஸின் வழியில் வந்த வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதிய நூல் மூன்றாவது பாதையைத் திறந்தது. விளக்கம் சொல்லாதே, வழிநடத்தாதே, குழந்தை விளையாடட்டும், அதன் உணர்வை ஏற்றுத் திருப்பிச் சொல் என்பது அவர் நெறி. இன்று ‘பிளே தெரபி’ என்ற பெயரில் பள்ளிகளிலும் தனியார் கிளினிக்குகளிலும் நடப்பதில் பெரும்பங்கு ஆக்ஸ்லைன் மரபைச் சேர்ந்தது. மூன்று பாதைகளுக்கும் பொதுவான பலவீனம் ஒன்றுண்டு. விளையாட்டு எதைச் சொல்கிறது என்பதைச் சரிபார்க்கச் சிகிச்சையறைக்கு வெளியே எந்த அளவுகோலையும் தொடக்கக் காலத்தில் அவை வைத்திருக்கவில்லை.

வெளியில் தெரியும் நடத்தையை மட்டும் கணக்கில் கொள்ளும் நடத்தையாளர்களின் பதில் முற்றிலும் வேறு. மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனின் முயல் பயத்தைப் போக்கிய விதத்தைப் பதிவு செய்தார். அவன் விருப்பமான தின்பண்டத்தைச் சாப்பிடும்போது முயல் கூண்டு சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. பயமில்லாத மற்றக் குழந்தைகளும் உடனிருந்தனர். பயம் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. முயலைத் தொடுகிறானா இல்லையா என்பதை அறையில் உள்ள எவரும் பார்த்துச் சொல்லலாம். இந்த அளவிடும் எளிமையே பிற்காலத்தில் நடத்தைச் சிகிச்சைக்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது. பார்த்து அளக்க முடியாத துயரங்களை அது நெடுங்காலம் தொடாமல் இருந்ததும் இதே காரணத்தால்தான்.

லெவிட்டின் கணக்கும் அதற்குப் பின்னும்

வயதுவந்தோர் உளச்சிகிச்சையின் பலனை 1952இல் ஹான்ஸ் ஐசென்க் மறுத்த பாணியில், குழந்தைகள் பற்றிய கணக்கை 1957இல் யூஜீன் லெவிட் எடுத்தார். சிகிச்சை முடிவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் தேறியிருந்தனர். சிகிச்சை பெறாதவர்களிலும் ஏறக்குறைய அதே அளவினர் தேறியிருந்தனர். லெவிட்டின் ஒப்பீட்டுக் குழு பலவீனமானது. கிளினிக்கில் பதிவு செய்துவிட்டுச் சிகிச்சைக்கு வராமல் போனவர்கள்தாம் அவர்கள். தானாகவே தேறியதால் வராமல் போனவர்களும் அதில் இருந்திருக்கக்கூடும். ஆனால் குழந்தைகள் வளர்கிறார்கள், பல துன்பங்கள் வளர்ச்சியோடு தாமே கரைகின்றன என்ற அவர் வாதத்தின் மையத்தை யாராலும் ஒதுக்க முடியவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘குணமாயிற்று’ என்று சொல்வதற்கு அதன்பின் மதிப்புக் குறைந்தது.

1980களில் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணிக்கும் தொகுப்பாய்வு முறை குழந்தை உளச்சிகிச்சைத் துறைக்கு வந்தது. ஜான் வெய்ஸ் குழுவினர் 1987இல் 108 ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சை பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருப்பதாக அறிவித்தனர். லெவிட்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று துறை நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதியைக் கலைத்தவரும் வெய்ஸ்தான். 1992இல் அவரும் உடனாசிரியர்களும் எழுப்பிய கேள்வி: இந்த ஆய்வுகள் நடந்தது எங்கே? பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில். விளம்பரம் மூலம் சேர்க்கப்பட்ட, ஒரே பிரச்சினை கொண்ட குழந்தைகள். கையேட்டைப் பின்பற்றும், அதற்கென்றே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள். சாதாரணக் கிளினிக்கில் நடக்கும் சிகிச்சையை ஆராய்ந்த சில ஆய்வுகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது பலன் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருந்தது.

வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் இராணுவத் தளத்தில் நடந்த பெருந்திட்டம் இதற்கு வலுச் சேர்த்தது. இராணுவக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு எல்லா வகை மனநலச் சேவைகளும் தாராளமாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. லியனார்ட் பிக்மன் குழு 1990களின் நடுவில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி சேவை எளிதாகக் கிடைத்தது, குடும்பங்கள் திருப்தி அடைந்தன, செலவு ஏறியது. குழந்தைகளின் நிலையோ வழக்கமான சேவை பெற்றவர்களைவிட மேம்படவில்லை.

வெய்ஸ் குழு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்த வரிசையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஐம்பது ஆண்டுக் காலத்தின் 447 ஆய்வுகள், 30,000க்கும் மேற்பட்ட இளையோர். சிகிச்சை பெற்ற ஒரு குழந்தை, பெறாத ஒன்றைவிட நல்ல நிலையில் இருப்பதற்கான வாய்ப்பு 63 சதவீதம் என்று கணக்கு வந்தது. வாய்ப்பு சரிபாதியாக இருந்தால் 50 என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் படிக்க வேண்டும். நடுத்தரப் பலன் என்பதே பொருத்தமான சொல்.

மூன்று சாட்சிகள்

அந்தத் தொகுப்பாய்வின் தலைப்புச் செய்தியைவிட உள்ளே இருந்த ஒரு முடிவு இக்கட்டுரையின் பொருளுக்கு முக்கியமானது. பலனின் அளவு, யாரிடம் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. குழந்தை, பெற்றோர், ஆசிரியர் ஆகிய மூவர் பார்வையிலும் ஒத்த அளவில் பலன் தெரிந்தது குழந்தையை நேரடியாக இலக்காகக் கொண்ட நடத்தைச் சிகிச்சைகளில் மட்டுமே. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்து மாற்ற முயலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் இதில் அடக்கம். மற்றவற்றில் ஒருவர் கண்ட பலனை இன்னொருவர் காணவில்லை.

இது புதிய சிக்கல் அல்ல. தாமஸ் ஆக்கன்பாக்கும் உடனாசிரியர்களும் 1987இலேயே 119 ஆய்வுகளைத் தொகுத்து, தாயும் தந்தையும் ஒரே குழந்தையைப் பற்றிச் சொல்வது ஓரளவு ஒத்துப்போகிறது (ஒட்டுறவு சுமார் 0.6), பெற்றோரும் ஆசிரியரும் சொல்வது மிகக் குறைவாகவே ஒத்துப்போகிறது (0.3க்கும் கீழ்), குழந்தை தன்னைப் பற்றிச் சொல்வதும் பிறர் சொல்வதும் அதைவிடக் குறைவாக ஒத்துப்போகின்றன என்று காட்டினர். கால் நூற்றாண்டுக்குப் பின் ஆண்ட்ரெஸ் டி லாஸ் ரெயஸ் குழு 341 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் நிலைமை மாறவில்லை.

இதற்கு இரண்டு வாசிப்புகள் உண்டு. ஒன்று, சாட்சிகள் பிழை செய்கிறார்கள். மனச்சோர்வுள்ள தாய் தன் குழந்தையிடம் பிரச்சினையை மிகுதியாகக் காண்கிறார், குழந்தைக்குத் தன் நிலையைச் சொல்லும் திறன் போதவில்லை. மற்றொன்று, மூவரும் சரியே சொல்கிறார்கள். வீட்டில் அடங்காத பிள்ளை வகுப்பில் அமைதியாக இருக்கலாம், இரண்டிலும் அமைதியாக இருக்கும் பிள்ளை உள்ளே வெந்துகொண்டிருக்கலாம். அண்மைய ஆய்வுகள் இரண்டாவதன் பக்கம் சாய்கின்றன. அப்படியானால் மூன்று மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரி எடுக்கும் வழக்கம் தகவலைச் சேர்ப்பதற்குப் பதிலாக அழிக்கிறது.

சிகிச்சை மதிப்பீட்டில் இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதை எட்மண்ட் சோனுகா–பார்க் குழுவின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டுகிறது. கவனக்குறைவு–மிகையியக்கக் கோளாறுக்கான நடத்தைச் சிகிச்சைகள், சிகிச்சையில் பங்கேற்ற பெற்றோர் தந்த மதிப்பெண்களின்படி நல்ல பலன் தந்தன. எந்தக் குழந்தை சிகிச்சை பெற்றது என்று அறியாதவர்களின் மதிப்பெண்களை மட்டும் எடுத்தபோது, கோளாறின் மூலக்குறிகளில் அந்தப் பலன் புள்ளியியல் உறுதி இழந்தது. பெற்றோர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளாகாது. மாறியது வீட்டில் மட்டும் மாறியிருக்கலாம். அல்லது பெற்றோரின் பொறுமை வளர்ந்திருக்கலாம். பிந்தியதாக இருந்தால் அதுவும் சிறிய பலன் அல்ல.

குழந்தையின் சொல்லே ஒரே சான்றாகும் இடம் பாலியல் வன்முறை விசாரணை. 1980களில் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட தூண்டுதல் கேள்விகளும் பொம்மைகளும் குழந்தைகளின் வாயிலிருந்து நடக்க முடியாத நிகழ்வுகளை வரவழைத்தன. ஸ்டீபன் செசி, மேகி ப்ரக் ஆகியோரின் சோதனைகள் இந்தத் தூண்டுதலுக்குச் சிறு குழந்தைகள் எவ்வளவு எளிதில் இசைகின்றனர் என்பதை நிறுவின. திறந்த கேள்விகளை மட்டும் கேட்டால் சிறு குழந்தையும் நம்பத்தக்க சாட்சியே என்பதும் அதே ஆய்வு மரபின் முடிவு. இந்த இரண்டாம் பாதியை நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பு வசதியாக மறந்துவிடுவதுண்டு.

கோளாறுக்குக் கோளாறு வேறுபடும் பலன்

பதற்றக் கோளாறுகளில் ஆதாரம் உறுதியானது. 2008இல் வெளியான அமெரிக்கப் பலமைய ஆய்வில் 7 முதல் 17 வயதுவரையான 488 பேர் பங்கேற்றனர். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 60 சதவீதமும், செர்ட்ராலின் மாத்திரை பெற்றவர்களில் 55 சதவீதமும், இரண்டையும் பெற்றவர்களில் 81 சதவீதமும் நன்கு தேறினர். வெற்று மாத்திரையில் தேறியவர்கள் 24 சதவீதம். மேரி கவர் ஜோன்ஸின் முயல் கூண்டு இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வதே இச்சிகிச்சையின் மையம்.

மனச்சோர்வில் கதை வேறு. 2004இல் 439 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வில், 12 வாரங்களில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தனியாக வெற்று மாத்திரையை உறுதியாக வெல்லவில்லை (43 எதிர் 35 சதவீதம்). ஃபுளூக்செட்டின் மருந்தோடு சேர்ந்தபோது 71 சதவீதம். ஆனால் 36 வாரங்கள் சென்றபின் மூன்று சிகிச்சைக் குழுக்களும் 80 சதவீதத்தைத் தாண்டி ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. இங்கிலாந்தில் 2017இல் வெளியான ஆய்வில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, குறுகிய கால உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை, எளிய ஆலோசனைச் சிகிச்சை ஆகிய மூன்றும் சமமாகவே பலன் தந்தன. எல்லாச் சிகிச்சைகளுக்கும் பொதுவான ஏதோ ஒன்று, அதாவது அக்கறையோடு ஒருவர் வாரந்தோறும் கேட்பது, வேலை செய்கிறது என்பது ஒரு விளக்கம். மனச்சோர்வு காலப்போக்கில் தானாகவும் தணிகிறது என்ற லெவிட்டின் பழைய விளக்கமும் நிராகரிக்கப்பட்டுவிடவில்லை.

சிறு குழந்தைகளின் முரட்டு நடத்தையில் பெற்றோர் பயிற்சி முன்னிற்கிறது. ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்குச் சென்று கண்டது இதற்கு அடிப்படை: பெற்றோர் அதட்ட, குழந்தை கத்த, பெற்றோர் விட்டுக்கொடுக்க, அடுத்த முறை கத்தல் இன்னும் பலமாகிறது. இந்தச் சுழற்சியை உடைக்கப் பெற்றோருக்குக் கற்றுத்தருவதே சிகிச்சை.

பதற்றத்திலும் இந்த வழி செல்லும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 2020இல் காட்டியது. குழந்தையைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் தந்த பயிற்சி, குழந்தைக்கு நேரடியாகத் தந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது. நோயாளி யார் என்ற கேள்விக்கு இது சங்கடமான பதில். பெற்றோரை மாற்றினால் குழந்தை மாறும் என்பதிலிருந்து பெற்றோரே காரணம் என்ற முடிவுக்குத் தாவுவது எளிது, தவறும்கூட. ஆட்டிசத்துக்குத் தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967இல் நூல் எழுதி ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதைத் துறை மறக்கக் கூடாது.

ஆட்டிசத்தில் விவாதம் இன்னும் கொதிநிலையில் உள்ளது. ஐவர் லோவாஸ் 1987இல் வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பு நிலையை எட்டியதாக அறிவித்தார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. தண்டனை முறைகளும் கையாளப்பட்டன. இயல்பு நிலை என்ற இலக்கையே ஆட்டிசமுள்ள வயதுவந்தவர்கள் இன்று கேள்வி கேட்கிறார்கள். சிகிச்சையின் வெற்றியை யார் வரையறுப்பது என்பதில் நான்காவது சாட்சியாக, வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தையே வந்து நிற்கும் நிலை இது.

கேடு விளைந்த இடங்கள்

உதவி கேடாக முடியவும் கூடும். பாஸ்டன் அருகே 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வில் 506 சிறுவர்கள் பங்கேற்றனர். பாதிப்பேருக்குப் பல ஆண்டுகள் ஆலோசனை, பாட உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மக்கோர்ட் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பல அளவைகளில் பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திட்டம் தங்களுக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள்! பயனாளியின் திருப்தியைப் பலனுக்குச் சான்றாகக் கொள்வோருக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை இருக்க முடியாது. நெறிதவறும் இளையோரை ஒரே குழுவில் சேர்ப்பது அவர்களை ஒருவருக்கொருவர் பாடம் கற்பிக்க வைக்கிறது என்பது பின்னர் வந்த ஒரு விளக்கம்.

எல்லா மாணவர்களுக்கும் ஒரே பயிற்சி என்ற அண்மைய போக்கும் சோதனையில் தடுமாறியது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022இல் முடிவு வெளியான மனநிறைகவன (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சி ஆய்வில் எதிர்பார்த்த நன்மை எதுவும் தென்படவில்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும்

2015–16ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13 முதல் 17 வயதுவரையானோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு உண்டு. இத்தனை பேருக்குப் போதுமான உளவியலாளர்கள் இல்லாத நிலையில், சாதாரணப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி தந்து ஆலோசகர்களாக்கும் வழி ஆராயப்பட்டது. பீகாரில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஒரே திட்டத்தை வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழலும் மாணவர்களின் மனநிலையும் மேம்பட்டன. ஆசிரியர்களே நடத்திய பள்ளிகளில் மாற்றம் இல்லை. மதிப்பெண் போடுபவரிடமும் தண்டனை தருபவரிடமும் மாணவன் மனம் திறப்பானா என்ற ஐயத்துக்கு இதில் இடமிருக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் பிரச்சினை தீர்க்கும் முறையைக் கற்பித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், மாணவர்கள் தாங்களே பட்டியலிட்ட பிரச்சினைகளின் சுமை ஆறு வாரங்களில் குறைந்தது. பொதுவான நோய்க்குறி வினாப்பட்டியில் அந்த வேறுபாடு தெரியவில்லை. எந்த அளவுகோல் உண்மையைச் சொன்னது என்று கேட்டால் பதில் எளிதல்ல.

இலங்கைத் தமிழ்ப் பகுதிகள் போராலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையாலும் இந்தத் துறைக்குத் துயரமான களமாயின. தயா சோமசுந்தரம் உள்ளிட்ட யாழ்ப்பாண மனநல மருத்துவர்கள் குழந்தையின் மனக்காயத்தைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை என்று வாதிட்டு வந்தனர். ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களில் வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 குழந்தைகளிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. உள்ளூர் ஆலோசகர்கள் ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையைக் கோத்துச் சொல்லும் சிகிச்சையையும், மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தந்தனர். ஆறு மாதங்களில் முறையே 81, 71 சதவீதம் பேர் தேறினர். சிகிச்சையே பெறாத குழு ஒன்று இல்லாததால் இரண்டும் சம பலனா, இல்லை காலம் ஆற்றியதா என்று பிரிக்க முடியவில்லை.

வடக்கில் 399 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான பெரிய ஆய்வு இன்னும் கவலைக்குரிய செய்தியைத் தந்தது. பள்ளியிலேயே நடத்தப்பட்ட 15 அமர்வுகள் நடத்தைப் பிரச்சினைகளைக் குறைத்தன; சிறுவர்களின் மனக்காயக் குறிகளிலும் பதற்றத்திலும் கூடுதல் பலன் தெரிந்தது. சிறுமிகளிடமோ, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட, சிகிச்சை பெற்றவர்களின் மனக்காயக் குறிகள் குறைவாகவே தணிந்தன. ஆபத்து இன்னும் நீங்காத இடத்தில் காயத்தைக் கிளறுவது யாருக்கு உதவும், யாருக்கு ஊறு செய்யும் என்பது அந்த ஆய்வு விட்டுச்சென்ற கேள்வி.

விடை கிடைக்காதவை

சிகிச்சை எந்த வழியில் வேலை செய்கிறது என்பது பல கோளாறுகளில் இன்னும் தெரியாது. ஆய்வுகளில் பெரும்பாலானவை சில மாதங்களோடு நின்றுவிடுவதால், பத்தாண்டுகளுக்குப் பின் என்ன எஞ்சுகிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. கவனக்குறைவு–மிகையியக்கக் கோளாறு குறித்து 579 குழந்தைகளிடம் நடந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், 14ஆம் மாதத்தில் தெரிந்த சிகிச்சை வேறுபாடுகள் எட்டாம் ஆண்டில் மறைந்திருந்தன. பல பிரச்சினைகள் ஒருசேர உள்ள குழந்தைகளுக்கு என்ன செய்வது என்பதும் தீராதது. 2017 தொகுப்பாய்வில் அத்தகைய சிகிச்சைகளின் பலன் புள்ளியியல் உறுதி பெறவில்லை. கிளினிக்குக்கு உண்மையில் வருபவர்களோ பெரும்பாலும் இக்குழந்தைகளே. மதிப்பீட்டில் மூன்று சாட்சிகள் முரண்படும்போது எதற்கு முன்னுரிமை என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விதி கிடையாது.

புதிய சிகிச்சைகள் பழையவற்றைவிட மேலானவை என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் போதவில்லை. வெய்ஸ் குழு 2019இல் 1963 முதல் 2016 வரையான ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தது. பதற்றத்திலும் கவனக்குறைவிலும் பலனின் அளவு உறுதியாகச் சொல்லும்படி மாறவில்லை. மனச்சோர்விலும் நடத்தைக் கோளாறுகளிலும் அது குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுக்களுக்குக் கிடைக்கும் வழக்கமான கவனிப்பு மேம்பட்டதும், ஆய்வுமுறை கடுமையானதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எது எவ்வளவு பங்கு வகித்தது என்பது இன்னும் நிறுவப்படவில்லை.